முப்பத்திமூணில் சுற்றிய தட்டு

— இது பாட்டா, லிவியோ? என் குடைக்கடை ஷட்டரை இழுத்து விடும்போது இதே சத்தம்தான் வருது. அதுக்கு நான் அட்டை போட்டு வித்ததில்ல.

— தீர்ப்பு ஒரே வரிதான்னு பேச்சு, நீவெஸ். நீ மூணு வரி பேசிட்ட.

— ஒரே வரியா? சரி. மூணாவது பாட்டுல டிரம்ஸ்காரன் தூங்கிட்டான், எழுப்ப மனசு வராம மத்தவங்க பாட்டை முடிச்சுட்டாங்க.

— அது தூக்கம் இல்ல தாயே. அந்த எட்டு நொடி அமைதிக்காகத்தான் அந்த இசைத்தட்டே இருக்கு. மாரிபோர் பக்கத்துல நாலு பசங்க ஒரு கோழிப்பண்ணைக்குள்ள உக்காந்து பண்ணினது. மொத்தமே நூத்தம்பது தட்டுதான் போட்டாங்க. அதுல ஒண்ணை உன்னை நம்பிக் குடுத்தேன் பாரு.

— கோழியும் வாசிச்சிருக்குன்னு அப்பவே நினைச்சேன்.

— பதினோரு வருஷம். நீ என் தட்டுக்கடை பக்கத்துல கடை போட்ட நாள்லேர்ந்து சனிக்கிழமைக்கு ஒண்ணா குடுத்துக்கிட்டு வர்றேன். ஒண்ணாவது நல்லா இருக்குன்னு உன் வாயால வந்திருக்கா?

— வந்திருக்கே. போன வருஷம், அந்தப் போலந்துக்காரங்க தட்டு. பூனைக்குப் பிடிச்சுதுன்னு சொன்னேன்ல?

— பூனை கட்டிலுக்கு அடியில போய் மூணு மணி நேரம் வெளிய வரலைன்னு சொன்ன.

— பிடிச்சதாலதான் உக்காந்து யோசிச்சிருக்கும். காப்பி ஆறுது, குடி. இந்தச் சீட்டெல்லாம் என்னய்யா? தட்டுக்குத் தட்டு ஒட்டி வச்சிருக்க. "பல் பிடுங்கிட்டு வந்த அன்னிக்குக் கேக்கவும்." இதைப் படிச்சுட்டு ஒருத்தன் வாங்குவானா?

— வாங்கறாங்க. ட்ரியெஸ்தேலேர்ந்து ரயிலேறி வர்றாங்க. லிவியோ சீட்டு ஒட்டியிருக்கானான்னு பாத்துட்டுத்தான் கையிலயே எடுக்கறாங்க.

— "பாடகர் ஒரு தடவை கூட சுருதியில இல்லை. நம்பலாம்." இது சிபாரிசா, புகாரா?

— சிபாரிசுதான். ஒழுங்காப் பாடறவங்களை ரேடியோவே சொல்லிடும், அதுக்கு நான் எதுக்கு? இருநூறு தட்டு போட்டு, நாப்பது வித்து, மிச்சத்தை யாரோட அம்மாவோ பரண்ல போட்டு மறந்திருப்பா பாரு, அதைத் தேடி எடுத்து, சரியான ஆளு கையில குடுக்கணும். அது ஒரு வேலை இல்லையா?

— பெரிய வேலைதான். குடை விக்கிறவ கிட்ட ஷட்டர் சத்தத்தைக் குடுக்கறது. சரி, சொல்லு. இன்னிக்கு என்ன இஸ்திரி போட்ட சட்டை? நான் வந்து பத்து நிமிஷத்துல நாலு தடவை கடிகாரத்தைப் பாத்துட்ட. பொண்ணு பாக்கப் போறியா?

— ஒரு மணிக்கு என் மச்சான் வண்டி எடுக்கிறான். செக் நாட்டுக்கு. அங்க தட்டு அடிக்கிற ஃபேக்டரியில எனக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்காங்க. இந்த வண்டியில டேப்பு போகணும். தவறினா அடுத்த முறை பத்து மாசம் கழிச்சுத்தான்.

— எந்த டேப்பு?

— நான் பூட்டி வச்சிருக்கிற தட்டு இருக்குல்ல, அதைச் சுத்த விட்டு நான் பதிவு பண்ணின டேப்பு.

— ஓ, அந்தச் சாமி. வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு நீ மட்டும் கும்பிடறது. ஒரு நாளாவது கடையில போட்டிருக்கியா? என் சுவரு வழியா உலகத்துல உள்ள அத்தனை கூச்சலும் வந்திருக்கு, அது மட்டும் வந்ததில்ல.

— ஒரே ஒரு பிரதி. ஊசி தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் சாகுது. அதனாலதான் திரும்ப அடிக்கப் போறேன். முந்நூறு தட்டு. நான் போனதுக்கு அப்புறமும் முந்நூறு வீட்டுல அது இருக்கும்.

— அப்போ அடி. யார் வேண்டாங்கிறா?

— அதுதான் தெரியல. பாடினவன் வேண்டாங்கிறானா, வேணுங்கிறானா? அவன் யாருன்னே தெரியலையே. அட்டையில பேர் இல்ல, ஊர் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அடுத்தவன் பாட்டை அவனைக் கேக்காம போட்டா அது திருட்டு. நான் பண்ண மாட்டேன்.

— பேரே இல்லாதவங்களை எங்க போய்க் கேப்ப?

— கேளு. தட்டோட கடைசி வளையம் இருக்குல்ல, பாட்டு முடிஞ்சு ஊசி சும்மா சுத்தற இடம், அங்க சிலபேர் எதையாவது கீறி வைப்பாங்க. இப்படிச் சொந்தமாத் தட்டு போடறவங்களுக்கு அது ஒரு பழக்கம். இதுல என்ன கீறியிருக்கு தெரியுமா? "எகோன், பூனைக்குச் சோறு வை." இருபது வருஷமா இந்தக் கரையோரத்துல எகோன்னு பேர் உள்ள ஒருத்தரையும் விடல. வீட்டு வாசல்ல போய் நின்னு, நீங்க பூனை வளத்தீங்களான்னு கேட்டேன். ஒருத்தர் போலீசைக் கூப்பிட்டார். என்ன, சிரிக்கலையா? இதுக்கு நீ விழுந்து விழுந்து சிரிப்பேன்னு நினைச்சேன்.

— அப்புறம் சொல்லு, லிவியோ.

— அப்புறம் என்ன, போன மாசம் ஆளு கிடைச்சுட்டான். ஸ்வீடன்ல. இங்க போர் ஆரம்பிச்சப்போ போனவன் திரும்பி வரவே இல்ல. பேஸ் கிடார் வாசிச்சது அவன்தான். இதோ அவன் கடுதாசி. "நான் சம்மதம். டிரம்ஸ் வாசிச்சவன் போய்ச் சேந்துட்டான், அவனுக்குப் பதிலாவும் நானே சம்மதம். ஆனா அந்தக் குரல் சம்மதிக்கணும். அது உங்க ரியேகாவுலதான் இருக்கு. பேரை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன், அதனால நீயே தேடிக்கோ. சீக்கிரம் பண்ணு. இந்தக் கோடையை நான் தாண்டுவேனான்னு டாக்டருக்கே சந்தேகம். அதைக் கையில பிடிச்சுப் பாக்கணும்."

— அப்படியா எழுதியிருக்கான்? குடு, பாக்கிறேன்.

— ஏன் திரும்பத் திரும்பப் படிக்கிற?

— கையெழுத்து புரியல. நீ சொல்லு. தேடினியா அந்தக் குரலை?

— தேடாம இருப்பேனா? ஒரு மாசமா இந்த ஊர்ல அம்பது வயசு தாண்டின கட்டைக்குரல் ஆம்பளை ஒருத்தனையும் விடல.

— ஓ, அதுக்குத்தான் கறிக்கடை ஸ்ரெச்கோவை நடுக்கடையில நிக்க வச்சுக் கத்தச் சொன்னியா? ஊரெல்லாம் பேச்சு. எலும்பு வாங்க வந்த கிழவி பயந்து ஓடிட்டாளாம்.

— கத்தினார் பாவம், முழு மனசோட. அவர் இல்ல. இழுவைக்கப்பல் கேப்டன் ஒருத்தர், அவரும் இல்ல. நம்ம பாதிரியாருக்கு நல்ல கட்டைக்குரல் இல்ல? பாவசங்கீர்த்தனக் கூண்டுல போய் முட்டி போட்டு மெதுவாக் கேட்டேன், "ஃபாதர், சின்ன வயசுல எப்பவாவது மைக் முன்னாடி கூச்சல் போட்டிருக்கீங்களா"ன்னு.

— என்ன சொன்னாரு?

— பத்து தடவை "அருள் நிறைந்த மரியே" சொல்லிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொன்னாரு.

— நல்ல பாதிரியார். அது சரி, இப்படிப்பட்ட ஆளுதான்னு உனக்கு எப்படி அவ்வளவு நிச்சயம்?

— குரலே சொல்லுதே. அலமாரி மாதிரி ஆளு. துறைமுகத்துல மூட்டை தூக்கினவன். பொண்டாட்டி விட்டுட்டுப் போயிருப்பா. ஒவ்வொரு வார்த்தையும் கிணத்துலேர்ந்து வாளி இழுக்கிற மாதிரி மேல வருது. ரெண்டாவது பாட்டு முடியிற இடத்துல மூணு தடவை முனகுவான், விட்டு விட்டு. சாகப்போற மனுஷனோட முனகல். அப்பா செத்துப்போன வருஷம் நான் எழுந்து வெளிய போகல, யார்கிட்டயும் பேசல. அந்த முனகலைத்தான் போட்டுப் போட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன். அந்த ஆளு தாங்கறான்னா நானும் தாங்கலாம்னு தோணுச்சு. உண்மையைச் சொல்றேன் நீவெஸ், அவன் இல்லன்னா நான் இல்ல.

— இதை நீ என்கிட்ட சொன்னதே இல்ல.

— சொன்னா நீ பூனைகிட்ட போய்ச் சொல்லுவ.

— போடு. நான் கேக்கணும்.

— இப்பவா?

— பதினோரு வருஷத்துல நான் வாயைத் திறந்து கேட்ட தட்டு இது ஒண்ணுதான்.

— அதுவும் சரிதான். கையைத் தொடச்சுக்கோ. ஓரத்துல பிடி. பாத்தியா, மீன்பெட்டி அட்டையை வெட்டி, ஒட்டி, கையாலயே மை போட்டிருக்காங்க. இந்தக் கறுப்பு வட்டத்தைப் பத்தி மட்டும் நான் ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன். கிரகணம் அது.

— வாணலி.

— என்னது?

— வாணலி அடியில மை தடவி அழுத்தினா இப்படித்தான் விழும்னு சொல்றேன். பாரு, இங்க கைப்பிடி தடம்.

— வாணலியாம். உன்கிட்ட காட்டினேன் பாரு, என்னைச் சொல்லணும். உக்காரு. வாயைத் திறக்காம கேளு.

— இதுவா? இவ்வளவு மெதுவாவா?

— மெதுவு இல்ல, பாரம். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல ஒரு சிகரெட் பத்த வச்சுடலாம். இப்ப குரல் வரும் பாரு. வந்துடுச்சு. நீவெஸ், என்ன தோள் குலுங்குது? அழாத. எனக்கும் முதல் தடவை இப்படித்தான்... நீ சிரிக்கிறியா?

— மன்னிச்சுக்கோ. முடியல. அலமாரி மனுஷன்... ஸ்ரெச்கோவை வேற கத்த விட்டு... பாதிரியாரு... தண்ணி குடு லிவியோ, மூச்சு முட்டுது.

— ஒரு மனுஷன் உயிரைக் குடுத்துப் பாடறான், நீ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருளற. விட்டு விட்டுச் சிரிக்கிறதைப் பாரு, இஞ்சின் ஸ்டார்ட் ஆகாத வண்டி மாதிரி. இதுக்குத்தான் நான் யாருக்கும் காட்டறதில்ல.

— சரி, சரி, நிறுத்திட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். இதை முப்பத்திமூணு வேகத்துல சுத்தணும்னு உனக்கு யார் சொன்னது?

— யார் சொல்லணும்? பெரிய தட்டுன்னா நிமிஷத்துக்கு முப்பத்திமூணு சுத்து, சின்னத் தட்டுன்னா நாப்பத்தஞ்சு.

— எல்லாப் பெரிய தட்டுமா?

— சிலபேர் பெரிய தட்டையும் நாப்பத்தஞ்சுல போடுவாங்க. அப்படின்னா எழுதியிருப்பாங்க.

— மறந்திருந்தா?

— இதை யாரும் மறக்க மாட்டாங்க. கேளு, இது எப்படிக் கிடைச்சுது தெரியுமா? ஞாயித்துக்கிழமைச் சந்தையில, குழந்தைங்க கதைத் தட்டுப் பெட்டிக்குள்ள. முயல் கதைக்கும் கரடிக் கதைக்கும் நடுவுல.

— குப்பையில போட மனசு வராதவங்க யாராவது அங்க சொருகிட்டுப் போயிருப்பாங்க.

— இருக்கலாம். வீட்டுக்குக் கொண்டு போய் அப்பாவோட பழைய பாட்டுப்பெட்டியில போட்டேன். அதுல நாப்பத்தஞ்சு எப்பவோ செத்துப்போச்சு, முப்பத்திமூணு மட்டும்தான் சுத்தும். முதல் அடியிலேயே என்னைச் சாய்ச்சுடுச்சு. அதுக்கப்புறம் எதை மாத்திப் பாக்கணும்?

— அப்போ நீ பத்திரிகை வேற நடத்தினேன்னு சொல்லுவியே.

— பத்திரிகையா அது? ஆபீஸ்ல மேனேஜர் சாப்பிடப் போனதும் ஜெராக்ஸ் எடுத்து நாப்பது பேருக்குக் குடுத்தது. என் பேர் கூட போட மாட்டேன். "துரு"ன்னு கையெழுத்து.

— துருவா?

— ஆமா. ஏன் அப்படிப் பாக்கிற?

— அது நீயா?

— நீ படிச்சிருக்கியா? என்னோட நாப்பது வாசகர்ல நீ ஒருத்தியா? இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே.

— ஒரே ஒரு பக்கம் படிச்சேன். யாரோ கொண்டு வந்து காட்டினாங்க. தொண்ணூத்தொண்ணு வசந்தத்துல, துறைமுகக் கிடங்குல நடந்த கச்சேரி பத்தி.

— அடடா, அது என் பேர் பெத்த கட்டுரையாச்சே. மூணு பேர். ரெண்டு பையன், முன்னாடி ஒரு பொண்ணு. கண்ணு மண்ணு தெரியாத வேகம், அவ தொண்டை கிழியக் கத்தறா. நான் எழுதினது இன்னும் மனப்பாடம். "கடல்காக்காவைப் பாடக் கூப்பிட்டவங்க, அதுக்கு ஒரு மீனாவது போட்டு அனுப்பியிருக்கலாம்." ஊரே சிரிச்சுது. நாப்பது பிரதி நானூறாச்சு.

— அவ சிரிச்சாளா?

— யாரு?

— அந்தப் பொண்ணு.

— அது எனக்கு எப்படித் தெரியும்? அதுக்கப்புறம் அவங்க மேடையே ஏறல.

— பஸ்ல போனா மீன் வேணுமான்னு கேப்பாங்களாம். வகுப்புல அவ மேஜை மேல மீன் தலையை வச்சுட்டுப் போனாங்களாம். நான் கேள்விப்பட்டேன்.

— மீன் தலையா? எனக்குத் தெரியாது, நீவெஸ். சத்தியமாத் தெரியாது. இருபத்திநாலு வயசு எனக்கு. நல்லா இருக்குன்னு எழுதினா ஒருத்தனும் படிக்கல, குத்தி எழுதினாப் படிச்சாங்க. அதுல ஒரு போதை. இப்ப எதுக்கு அதை இழுக்கிற? மணி பன்னெண்டு ஆகப்போகுது, இனிமே அந்தக் கட்டைக்குரலை எங்க போய்ப் பிடிப்பேன்?

— இழுக்கல. இந்தத் தட்டுக்கு நான் தீர்ப்பு சொல்லணும்ல? அதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணு. குமிழை நாப்பத்தஞ்சுக்குத் திருப்பு.

— மாட்டேன். பாவம் அது.

— இன்னொரு பத்து "அருள் நிறைந்த மரியே" சொல்லிக்கோ. திருப்பு. ஆரம்பத்துலேர்ந்து வை.

— உனக்காக ஒரே நிமிஷம். ஒரு நிமிஷம் கேட்டுட்டு வாயை மூடிக்கணும். இந்தா, பாத்தியா, எப்படிக் கெட்டுப்போச்சு பாரு, எல்லாம் குட்டிச்சுவரு... இரு.

— ம்.

— இரு, இரு. பேசாத. நீவெஸ், இது பொண்ணு.

— அப்படியா? உன் அலமாரி எங்க போச்சு?

— விளையாடாத. இந்த அடியைக் கேளு. அந்த கிடாரு எப்படி ஓடுது பாரு. இதுல துக்கமே இல்ல. குதிக்கிறாங்க, மூணு பேரும் குதிச்சுக்கிட்டு இருக்காங்க. இருபது வயசு கூட இருக்காது ஒருத்தருக்கும். முப்பது வருஷமா நான் கல்யாண வீட்டுல உக்காந்து ஒப்பாரி வச்சிருக்கேன்.

— அப்போ பிடிக்கலையா?

— பிடிக்கலையாவா? புல்லரிக்குது, கையைப் பாரு. இவ்வளவு நல்லதா இருந்திருக்கு, நான் பாதியைத்தான் கேட்டிருக்கேன். இந்தக் குரலை... ஐயோ.

— என்ன?

— கிடங்கு. நான் இதைக் கேட்டிருக்கேன். அந்தக் கிடங்குல, மூணாவது வரிசையில நின்னுக்கிட்டு. அந்தப் பொண்ணுதான் இது.

— கடல்காக்கா.

— சொல்லாத, தாயே. எந்தக் குரலைப் பிடிச்சுக்கிட்டு நான் பிழைச்சேனோ அந்த வாயை நானே மூடியிருக்கேன். ஒரே வரியில. அதையும் இப்பதான் உன் முன்னாடி பெருமையா ஒப்பிச்சேன்.

— இந்தா, தண்ணி குடி.

— வேண்டாம். மச்சானுக்கு ஃபோன் போட்டுக் கிளம்பச் சொல்லிடறேன். டேப்பு போகாது.

— எகோன் கையில பிடிச்சுப் பாக்கணும்னு எழுதியிருக்கான். ரெண்டு பக்கமும் சேத்து இருபது நிமிஷம் வருமா? சரியான வேகத்துல மறுபடி டேப்பு எடுக்க உனக்கு நேரம் இருக்கு.

— நேரம் இருக்கு, முகம் இல்ல. அவ கிட்ட போய் என்னன்னு கேப்பேன்? "நான்தான் துரு. ஊரைக் கூட்டி உங்களைக் காக்கான்னு சொன்னவன். ஒரு கையெழுத்து போடுங்க"ன்னா? செருப்பைக் கழட்டுவா. கழட்டணும்.

— கழட்டணும்தான். நானா இருந்தா குடையால சாத்துவேன்.

— சாத்து. அவளுக்குப் பதிலா நீ சாத்து, கேட்டுக்கறேன்.

— நல்ல குடை, உன் மேல எதுக்கு உடையணும்? நீ சீட்டு எழுதுவியே, இதுக்கு இப்ப என்ன எழுதுவ?

— இதுக்கா? "நாப்பத்தஞ்சுல கேக்கவும். முப்பது வருஷம் தப்பாக் கேட்டவன் சொல்றேன். பொண்ணே, மன்னிச்சுடு." அவ்வளவுதான் வருது.

— மோசமில்ல. அதை அட்டையிலேயே அச்சடி. வாணலியை மட்டும் கிரகணம்னு போட்டுடாத.

— அவ சரின்னு சொல்லாம நான் எதையும் அச்சடிக்கப் போறதில்ல. இரு, ரெண்டாவது பாட்டு முடியுது. அந்த முனகல் வர்ற இடம்.

— ம்.

— இது முனகலா? சிரிக்கிறா, நீவெஸ். மூணு தடவை, விட்டு விட்டு, இஞ்சின் ஸ்டார்ட் ஆகாத... இந்தச் சிரிப்பை நான்... இப்பதான்... இங்க...

— குரல் சம்மதிச்சாச்சு. டேப்பை எடுத்து வண்டியில ஏத்திட்டு, மார்க்கெட் மூடறதுக்குள்ள போய் அரைக் கிலோ மத்தி வாங்கிட்டு வா, லிவியோ. முப்பது வருஷம் ஆச்சு, இந்தக் கடல்காக்காவுக்கு இன்னும் ஒருத்தரும் மீன் போடல.